நிறைவு விழாவுக்கு வாங்கிய மாலை

எங்கள் பள்ளியில் எந்தக் காரியமும் பேனர் இல்லாமல் நடந்ததாகக் கணக்கில்லை. பல் துலக்கக் கற்றுக்கொடுத்தாலும் பின்னால் ஒரு பேனர் தொங்க வேண்டும். அதன் முன்னால் எல்லாரும் வரிசையாக நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் படமெடுத்து ஒரு பக்க அறிக்கையில் ஒட்டி மேலே அனுப்ப வேண்டும். படம் இல்லையென்றால் பல்லும் துலக்கவில்லை. மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. இத்தனை வருடத்தில் பாடம் நடத்திய நேரம் அதிகமா, கட்டைவிரல் தூக்கிய நேரம் அதிகமா என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

அந்தப் பேனர்களில் ஒன்றை மட்டும் நான் விரும்பித் தொங்கவிட்டேன். மதிய வாசிப்பு வகுப்பின் பேனர். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்காகக் கூட்டரசு மானியத்தில் நடந்த வகுப்பு அது. ஒரு மணிக்கு மணியடித்து மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு இவர்கள் மட்டும் இருப்பார்கள். ரொட்டியும் மைலோவும் கொடுப்போம். சாப்பிட்டு முடித்து, மூன்று மணிவரை என்னோடு உட்கார்ந்து எழுத்தோடு மல்லுக்கட்டுவார்கள். பிறகு ஒரு வேன் வந்து அவரவர் வீட்டில் இறக்கிவிடும்.

அந்த வேன்தான் முக்கியம். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வீடு தூரத்தில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு மணிக்குப் புறப்படும் வழக்கமான பள்ளி வேனை விட்டுவிட்டால் பிள்ளை வீடு போய்ச் சேர வழியில்லை. மதிய வேன் இல்லையென்றால் மதிய வகுப்பு இல்லை. இதை நான் ஒவ்வோர் அறிக்கையிலும் எழுதினேன். யாராவது படிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதினேன்.

அந்த வகுப்பில் உருவத்தில் மிகச் சிறியவளாக ஒருத்தி இருந்தாள். இங்கே அவளைச் சின்னவள் என்றே சொல்கிறேன். பந்திங் போகிற சாலையில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடு. அம்மா கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். காலையில் மோட்டார் சைக்கிளில் மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போய்விடுவார். சின்னவள் நன்றாகப் பேசுவாள், கணக்கு போடுவாள், யார் யாரை அடித்தார்கள் என்று வரிசை தப்பாமல் சொல்வாள். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். ஒன்றரை வருடம் அவளுக்கும் எனக்கும் போராட்டம்தான். நான் கத்தியிருக்கிறேன், அவள் அழுதிருக்கிறாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ரொட்டி தின்றிருக்கிறோம்.

ஒரு நாள் வேனுக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தோம். எதிரே ஒரு பூக்கடை. கூரையில் மஞ்சள் பலகை, அதில் சிவப்பு எழுத்தில் 'பூமாலை கிடைக்கும்' என்று எழுதியிருக்கும். சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பூ என்றாள். மா என்றாள். லை என்றாள். பிறகு மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, ஏதோ திருட்டுத்தனம் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாலையைத் தாண்டிப் போய் ஒரு முழம் மல்லிகை வாங்கி வந்து அவள் சடையில் வைத்துவிட்டேன். அன்று யாரும் படமெடுக்கவில்லை.

என் தோழியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அவளும் நானும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறை. ஒரு பாக்கெட் மெகி நூடுல்ஸை இரண்டாகப் பிரித்துத் தின்றவர்கள். என் அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது நான் கொஞ்சம் தூங்கட்டும் என்று நாற்காலியில் இரவெல்லாம் விழித்திருந்தவள் அவள். பிறகு அவள் மேலே மேலே போய் மாநில அளவில் அதிகாரி ஆனாள். கூட்டரசு மானியத்தில் நடக்கும் திட்டங்களைப் பற்றிப் பள்ளிகள் அனுப்பும் அறிக்கைகளைச் சேர்த்து, மாநிலத்தின் பெயரில் ஒரே அறிக்கையாக்கி, புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசு அமைச்சுக்கு அனுப்புவது அவள் வேலை. எனக்கு அதில் பெருமையோ பெருமை. மற்ற பள்ளிக்காரர்கள் அறிக்கை எங்கே போகிறது என்று தெரியாமல் தவிப்பார்கள். என் அறிக்கை எனக்குத் தெரிந்த கைக்குப் போகிறது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பலபேர் இருக்கும் இடத்தில் நான் அவளைப் 'புவான்' என்றுதான் கூப்பிடுவேன். அலுவலக மரியாதை அது, எந்த அம்மையாருக்கும் சொல்வது. நாங்கள் தனியாக இருந்தால் வாடி போடிதான். அந்த இரண்டு குரலையும் மாற்றி மாற்றிப் பேசுவதில் எங்களுக்குள் ஒரு விளையாட்டே இருந்தது.

பள்ளி ஆண்டு முடியப்போகிற சமயம் அவள் போன் செய்தாள்.

"வாசிப்பு வகுப்புக்கு ஒரு நிறைவு விழா வைங்களேன். நானே வரேன்."

"ஏன்டி திடீர்னு?"

"நல்லா இருக்கும் லா. ரிப்போர்ட்டுக்கு வெயிட் கிடைக்கும். ஒரு பிள்ளைய மேடையில வாசிக்க வை. மனப்பாடம் பண்ண வைக்காத, நிஜமா வாசிக்கணும். தடுமாறினாலும் பரவால்ல."

அந்தக் கடைசி வார்த்தைகளில் நான் உருகிப் போனேன். எத்தனையோ அதிகாரிகள் வந்து போயிருக்கிறார்கள். பிள்ளை தடுமாறினால் முகம் சுளிப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். தடுமாறட்டும் என்று சொன்ன முதல் ஆள் என் தோழி.

விழா வைப்பதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். எங்கள் ஊரில் நிறைவு விழா வைக்காத நிகழ்ச்சி எது? தேவார வகுப்புக்கு வைக்கிறோம், பூப்பந்து பயிற்சிக்கு வைக்கிறோம். வருடக் கடைசியில் பிரமுகரை அழைத்து, மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, சோறு போட்டு அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் அதே வகுப்பை அதே இடத்தில் மறுபடி தொடங்குவோம். அதற்குத் திறப்பு விழா வேறு வைப்போம். தலைமையாசிரியைக்கோ வாயெல்லாம் பல். மாநிலத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும் தானே நின்று சுவருக்குச் சாயம் அடிக்க வைத்தார்.

மாலையை நான்தான் எதிர்க் கடையில் சொல்லிவைத்தேன். ரோஜாவும் சம்பங்கியும் கலந்து கனமாகக் கட்டச் சொன்னேன். கடைக்கார அக்கா, "என்ன டீச்சர், கல்யாணமா?" என்று கேட்டார். "அதைவிடப் பெருசு" என்றேன். என் கையால்தான் அவள் கழுத்தில் போட்டேன். "வாங்க புவான்" என்றேன். அவள் குனிந்து வாங்கிக்கொண்டே, "ரொம்ப கனமா இருக்கு டி" என்று என் காதில் கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

சின்னவளை மேடையில் ஏற்றினேன். அவள் அதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். மண்டபம் நிறைய ஆள். அவள் அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, தொழிற்சாலைச் சட்டையோடு கடைசி வரிசையில் நின்றார். சின்னவள் தொடங்கினாள். "என்... வீட்டில்... ஒரு... கோழி... இருக்கிறது." நின்றாள். எச்சில் விழுங்கினாள். "அது... தினமும்... காலையில்... என்னை..." அடுத்த சொல் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஓடிப்போய் எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று கால் பரபரத்தது. அவள் விரலை எழுத்தின்மேல் வைத்து, எ என்றாள், ழு என்றாள், பிறகு, "எழுப்பும்" என்றாள்.

மண்டபமே எழுந்து கைதட்டியது. அவள் அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் என் தோழியைப் பார்த்தேன். மாலைக்கு நடுவே அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவளோடு வந்தவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கம்போல் பேனர் முன்னால் வரிசையாக நின்று கட்டைவிரலைத் தூக்கினோம். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மனசோடு தூக்கினேன் என்றால் அது அன்றுதான்.

கார் வரைக்கும் போய் வழியனுப்பினேன். "அடுத்த வருஷம் வேன் உண்டுதானே?" என்று கேட்டேன். "நான் இருக்கேன்ல" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியே கையசைத்தாள்.

நான் இருக்கேன்ல. இந்த இரண்டு சொல்லையும் நான் பிறகு எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில் மாநிலத் திட்டங்களைப் பற்றிய விளக்கக் கூட்டம். எங்கள் பள்ளிக்குச் சிறப்பு அழைப்பு. தலைமையாசிரியை புதுப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். மேடையில் என் தோழி பேசினாள். அழகாகப் பேசினாள், அவளுக்கு அது எப்போதும் வரும். பெரிய திரையில் சின்னவள் வந்தாள். கோழி, காலை, விரல், எழுப்பும். ஓட்டலும் கைதட்டியது. நானும் தட்டினேன். அடுத்த படம் திரையில் வந்தது. முடிவடைந்த திட்டங்கள் என்று தலைப்பு. முதல் வரியில் எங்கள் பள்ளியின் பெயர். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு குறி.

நான் தட்டிக்கொண்டிருந்த கையை எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை. தலைமையாசிரியை இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவரை மேடைக்கு அழைத்துக் கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் தோழியே என்னைப் பிரிக்பீல்ட்சுக்கு அழைத்துப் போனாள். நாங்கள் மாணவிகளாக இருந்தபோது போய்வந்த அதே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை. வெளியே சாமான் கடையில் வேட்டி விளம்பரப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. என்னைக் கேட்காமலேயே எனக்குப் பிடித்ததை எடுத்துவரச் சொன்னாள்.

"ஏன்டி முடிஞ்சதுன்னு போட்ட?" என்றேன்.

"நிறைவு விழா வச்சீங்கல்ல? பேனர் இருக்கு, படம் இருக்கு, வீடியோ இருக்கு. வேற எப்படிப் போடுறது?"

"வைக்கச் சொன்னது நீ."

அவள் வடையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டாள். சாப்பிடவில்லை.

"இங்க பாரு. எங்க மாநிலத்துல எந்தத் திட்டத்தக் கேட்டாலும் நடந்துகிட்டிருக்கு, நடந்துகிட்டிருக்குன்னுதான் எழுதி அனுப்புறோம். மேல கேக்குறாங்க, முடிஞ்சது ஒன்னாவது காட்டுங்கன்னு. மத்த பள்ளி ரிப்போர்ட்ட நம்பி நான் காட்ட முடியுமா? ஆடிட் வந்தா நாறிடும். நீ பொய் எழுத மாட்ட. உங்க பிள்ள நிஜமாவே வாசிச்சா. அதான் உன்னோடத எடுத்தேன்."

நான் ஒழுங்காக இருந்ததுதான் அவளுக்கு வசதியாகப் போயிருக்கிறது. எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஒருத்தி ஒரு பக்கம் வாசிச்சா. மத்த பிள்ளைங்க இன்னும் எழுத்துலயே நிக்குதுங்க. அவளும் இப்பதான் ஆரம்பிச்சிருக்கா."

"தெரியும் லா."

"வேன்?"

"சுபாங் ஜெயா பக்கம் ஒரு பள்ளிக்கு மாத்தியாச்சு."

"அங்க எதுக்குடி வேன்? பிள்ளைங்கள அம்மாவே கார்ல வந்து ஏத்திட்டுப் போவாங்க."

"அதான் சொல்றேன். அங்க பிள்ளைங்க டக்குனு பிடிச்சிக்குவாங்க. ரிப்போர்ட்டும் சீக்கிரம் வரும். கோவப்படாத, அடுத்த ரவுண்டுல உங்களுக்குப் பாக்குறேன்."

எனக்கு அப்போது ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "அன்னைக்கு அழுதியே."

"நிஜமாத்தான் அழுதேன்," என்றாள். "அது பொய் இல்ல டி."

அது பொய்யாக இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். நடித்தாள், ஏமாந்தேன், தொலையட்டும் என்று விட்டிருப்பேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, சாயம் அடித்த மண்டபத்துக்கு வந்து, என் கையால் மாலை வாங்கிக்கொண்டு, ஒரு பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு உண்மையாகவே அழுதிருக்கிறாள். அழுது முடித்து, அந்த வாசிப்பையே எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிள்ளையின் வகுப்பை மூடியிருக்கிறாள். கழுத்தில் மாலையைப் போட்டவள் நான், என் காதில் பூச்சுற்றியவள் அவள். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம். எனக்கு அன்று கழுத்து நிஜமாகவே வலித்தது.

எழுந்தேன். "சரிங்க புவான்" என்றேன். சுற்றிலும் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ரயில் பிடிக்கப் போய்விட்டேன்.

சும்மா இருக்கவில்லை. வகுப்பு முடியவில்லை, பிள்ளைகளுக்கு இன்னும் தேவை இருக்கிறது என்று எழுதிப் போட்டேன். அவள் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் போன் செய்து மிகவும் மரியாதையாகப் பேசினார். முடிந்த திட்டத்தைத் திறக்க முடியாதாம். புதிதாக விண்ணப்பிக்கலாமாம். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருப்பதாகப் பள்ளி உறுதி தர வேண்டுமாம். "ஆனா டீச்சர், உங்க பள்ளியில எல்லாரும் வாசிக்கிறாங்கன்னுதானே ஸ்டேட் ரிப்போர்ட்ல இருக்கு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர்மேல் தப்பில்லை. அவர் படித்ததைச் சொன்னார்.

தலைமையாசிரியையிடம் போனேன். கண்ணாடிக் கேடயம் அவர் மேசையில் ஜன்னல் வெளிச்சம் படுகிற இடத்தில் இருந்தது. "டீச்சர், இத்தன வருஷத்துல நம்ம பள்ளி பேரு இப்பதான் வெளிய வந்திருக்கு. நம்மளே போயி எங்க பிள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்றதா? பெத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். அவரும் கெட்டவரில்லை. தமிழ்ப்பள்ளி என்றாலே இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு நடுவில் காலம் பூராவும் நின்றவர். அந்தக் கேடயத்தை அவர் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, வாயும் வரவில்லை. பள்ளியை ஒட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கும் சில பிள்ளைகளை மட்டும் மதியம் உட்காரவைத்து நான் சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. நடந்தே வீட்டுக்குப் போகக்கூடியவர்கள். சின்னவளால் அது முடியாது.

பள்ளி திறந்த முதல் வாரம் அவள் அம்மாவிடம் போனில் சொன்னேன். "பரவால்ல டீச்சர், அதான் வாசிச்சிட்டாளே" என்றார் அவர். திரையில் பார்த்த எல்லாரையும் போல அவரும் அதை நம்பிவிட்டார். மகளுக்கு இனிமேல் ஒரு மணி வேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஒரு மணிக்கு எல்லாரும் வேனில் ஏறினார்கள். நான் வகுப்பறைக்குத் திரும்பி வந்தால் சின்னவள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டு டப்பா.

"ஏன் போகல? வேன் போயிருச்சே."

"சாப்பிட்டுட்டு வரேன் டீச்சர்" என்றாள், ஏதோ வகுப்பு இருப்பதுபோல.

அன்று மற்ற பிள்ளைகளோடு அவளையும் உட்காரவைத்தேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். புத்தகத்தைக் கொடுத்தால் வாசிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். விடுமுறையில் எல்லாம் மறந்துவிட்டதோ என்று எனக்குப் பயம் பிடித்தது. மூன்று மணிக்கு என் காரிலேயே வீட்டில் விடலாம் என்று ஏற்றிக்கொண்டேன்.

வாசலில் கார் நின்றபோது எதிரே மஞ்சள் பலகை தெரிந்தது. அவளுக்கு மனப்பாடமான பலகை. கொஞ்சம் உற்சாகப்படுத்தலாம் என்று, "அது என்ன, வாசி பார்ப்போம்" என்றேன்.

அவள் பலகையைப் பார்த்தாள். உதடு சரியாகவே அசைந்தது, நான் பார்த்தேன். பிறகு சத்தமாக, "பூனை" என்றாள்.

"சரியா பாரு."

"பூனைதான் டீச்சர்."

நான் காரை எடுக்கவில்லை. அவள் பலகையை விட்டுவிட்டு என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் மேடையில நல்லா வாசிச்சதாலதான் க்ளாஸ நிப்பாட்டிட்டாங்கன்னு வேன்ல போற பிள்ளைங்க சொன்னாங்க. இப்ப தப்பா வாசிச்சா திரும்பி வைப்பாங்கல்ல?"

இல்லை என்றேன். அப்படியெல்லாம் இல்லை, நீ செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்றேன். நான் சொன்னது எனக்கே நம்பும்படி இல்லை. அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பந்திங் சாலை முழுக்க, கண்ணில் பட்ட ஒவ்வொரு தமிழ்ப் பலகையையும், எனக்குக் கேட்கும்படி, கவனமாகத் தப்பாக வாசித்துக்கொண்டே வந்தாள்.